வேகவைத்த டேலியா

அக்கா புருஷன் ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். அச்சில் ஏறியது எதுவும் அவருக்கு வேதவாக்கு. மகளின் பிரசவத்துக்குப் போன அக்கா, அவரை இரண்டு மாதம் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். தங்கை, கிழங்கிலிருந்து முளைக்கும் டேலியாப் பூச்செடி வளர்த்து, பூவை வெட்டிச் சந்தைக்கு அனுப்புகிறவள்.

வந்த மறுநாளே அவர் அலமாரியிலிருந்த தோட்டப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் பாத்தி கொத்தினால் பின்னாலேயே வந்து படித்தார். டேலியாவைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் முதலில் கிழங்கைத் தின்னத்தான் பார்த்தார்களாம். ருசி பிடிக்காததால்தான் பூவைக் கவனித்தார்களாம். அவள் குழாயைச் சரிசெய்தபடி "உம்" கொட்டினாள். அந்த "உம்"மை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை மதியம், பூ மொத்த வியாபாரியிடம் கருஞ்சிவப்பு டேலியா தருவதாக ஒப்புக்கொண்டு வீடு திரும்பினாள். ஆறு வருடம் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய ரகம். சமையலறையில் அவர் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டில் வேகவைத்த கிழங்கு, மேலே மிளகுத்தூள்.

"எந்தப் பெட்டியிலேருந்து எடுத்தீங்க மாமா?"

"மேல் தட்டுல இருந்துச்சும்மா. அதுதான் நல்லாத் திரண்டிருந்தது."

நல்லாத் திரண்டிருந்ததால்தான் அது மேல் தட்டில் இருந்தது. அந்த ரகத்து விதைக்கிழங்குப் பெட்டியில் மரத்தூள் மட்டுமே மிச்சம். குப்பைக்கூடையைக் கிளறினாள். முளைக்கண் இருக்கும் கழுத்துப் பகுதியை ஒன்றுவிடாமல் சீவியிருந்தார்; இனி எதுவும் முளைக்காது.

"கசக்குது. புத்தகத்துல போட்டது சரிதான்," என்றார் திருப்தியாக.

அக்கா முகத்துக்காகக் கூடையை மட்டும் மூடிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த ரகம் இருக்கக்கூடிய இன்னொரு இடம் அடுத்த தோட்டம். நாலு வருடத்துக்கு முன் அந்தத் தோட்டக்காரர் இந்த ரகக் கிழங்கைத் திருடிவிட்டார் என்று சந்தையில் வைத்தே சண்டை போட்டவள் இவள். அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது அவர் நிஜமாகவே திருடியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

அவர் எடுத்த எடுப்பிலேயே, "நான் எடுக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

"எடுத்திருந்தா நல்லாயிருக்கும்னுதான் வந்திருக்கேன்."

நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு கிழங்கு கொண்டுவந்து, வேலியோரம் கிடந்ததாகச் சொன்னார். எந்த வேலி என்று கேட்காமல் அவள் வாங்கிக்கொண்டாள்.

கிழங்கை ஈரமணலில் வெதுவெதுப்பாக வைத்து, முளைவிட முளைவிடக் கிள்ளி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேர்பிடிக்க வைத்தாள். வியாபாரி முணுமுணுத்துவிட்டுப் பாதிக்கு மஞ்சள் பூ போதும் என்றார். தண்ணீர் தெளிக்கும் வேலையை அக்கா புருஷனிடம் விட்டாள். அவர் தெளிக்கும்போது பக்கத்திலேயே நின்றாள்.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று முப்பத்தெட்டுக் கன்று நின்றது. நட்டதில் இரண்டு மட்டும் அழுகியிருந்தன. பேருந்து நிறுத்தம்வரை கூடவே போய், அவர் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.