மைனா பதில் சொல்கிறது

ஒலிப்பதிவு நடந்த பதினோரு நாட்களும் திரையில் பச்சைதான். ‘மைனா: பேக்கப் முடிந்தது.’ அதனால் இன்று காலை மைனாவின் டிஸ்க் டக் டக்கென்று அடித்து நின்றுபோனபோது எங்கள் மருத்துவமனையில் யாரும் பதறவில்லை. தகடு முழுக்கக் கீறல். அதிலிருந்து இனி எதுவும் தேறாது.

மைனா என்பது ஒலிப்பதிவு அறையின் கணினி. குரல்வளையை எடுக்கப்போகும் நோயாளிகள் அதன்முன் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களைப் படிப்பார்கள். பிறகு அந்தக் குரலிலேயே அவர்களுடைய போனைப் பேசவைக்கலாம். கடைசியாகப் பதினோரு நாள் படித்தவர் ஒரு பஸ் கண்டக்டர். ஆபரேஷன் முடிந்து, மனைவியோடு குரலை வாங்கிப்போக வந்திருந்தார். அவர் கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

“போன் பேசறது கிடக்கட்டும்மா,” என்றார் அந்த அம்மா. “கடைசி நாள் தாளைக் கீழ வெச்சுட்டு, கண்ணாடிக்கு வெளிய நின்ன என்னைப் பார்த்து ஏதோ சொன்னாரு. எனக்குக் கேக்கல. என் பேரைத்தான் சொன்னாருன்னு உள்ள இருந்த நர்ஸம்மா சொல்லுச்சு. பஸ்ஸுல ஊரையே கூவிக் கூப்பிடுவாரு, வீட்டுல முப்பது வருஷமா எனக்கு ‘இந்தா’தான்.” கணவரின் தோளை இடித்தார். “அதை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்.”

கண்டக்டர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார்.

“கவலையே படாதீங்கக்கா, பத்திரமா இருக்கு,” என்றார் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் சீனியர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். என் பக்கம் திரும்பி, “போ, ஊமைக்கொட்டான், எடுத்துட்டு வா,” என்றவர், கண்டக்டரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சர்வர் அறையில் எப்போதும் குளிர். பேக்கப் சர்வர் மற்ற கணினிகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். எந்தப் பெயருக்கு எந்த எண் முகவரி என்பது அதற்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். பழக்கதோஷத்தில் அந்தச் சர்வரிலிருந்தே மைனாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

பதில் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். மைனா மேசையில் வயிறு திறந்து கிடந்தது. வயர் எதுவும் அதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில். அடுத்த அறைக் கணினிகூட ஒரு நொடியின் சிறு துணுக்கை எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்லும். இது கூப்பிட்டு முடிப்பதற்குள் சொன்னது, தோளுக்குப் பின்னால் நிற்பவரைப்போல.

மைனாவின் பேக்கப்பைத் திறந்தேன். பதினோரு நாட்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒலிக்கோப்பு. பின்னாலேயே வந்த அண்ணன், “அதான், அதேதான்,” என்று அதை வெளியே கொண்டுபோய் ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மா குனிந்து காதை வைத்தார்.

டிங்.

“இன்னொரு தடவை போடு தம்பி.”

டிங்.

“உங்க பஸ் பெல்லு மாதிரியே இருக்கே!” அந்த அம்மா சிரித்தார். கண்டக்டர் சிரிக்கவில்லை. அது தன்னுடையது இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார். அந்த மணியை நான் தினமும் சர்வர் அறையில் கேட்டிருக்கிறேன், பேக்கப் முடிந்ததும் சர்வர் அடிப்பது.

உள்ளே ஓடிப்போய்ப் பெயர்க் கோப்பைத் திறந்தேன். மைனாவுக்கு எதிரே இருந்த எண் ஒலிப்பதிவு அறையுடையது இல்லை. அண்ணன் எனக்குப் பின்னால் நின்று படித்தார்.

“கண்டக்டர் வர்றதுக்கு மொத நாள் ரூம் மாத்துனோம்ல, அப்ப மைனா சிவப்பாவே காட்டுச்சு. சும்மா டெஸ்டுக்குத்தான் நம்பரை மாத்துனேன். பச்சையானதும் விட்டுட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “இப்ப வாயைத் திறக்காத. ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லிக்கலாம்.”

வெளியே அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இன்னும் காத்திருந்தார். உள்ளேயிருந்து மைனா பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அவர்முன் போய் நின்றேன். எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது.

“அம்மா, இதுல அவர் குரல் இல்லம்மா. மைனாவைக் கூப்பிடறதா நெனச்சு, எங்க சர்வர் பதினோரு நாளும் தன்னையேதான் கூப்பிட்டு, தன்னையேதான் எடுத்து வெச்சிருக்கு. உங்க பேரு எங்ககிட்ட இல்லம்மா.”