கதிர்காமநாதனுக்குப் பிடித்துப்போனவர்கள்

ஜேர்மனியில் பீலெஃபெல்டிலிருந்து முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் ஹோல்ஸ்ட்ரூப் என்றொரு சிறு நகரம். அங்கே குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் கதிர்காமநாதன் வேலை செய்தார். 2001 மார்கழியில் கூட வேலை செய்த ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய ஐஸ் ஹொக்கி ரிக்கெற் இவர் கைக்கு வந்தது. வீணாகிவிடக் கூடாதே என்றுதான் போனார்.

முதல் இருபது நிமிடமும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை எங்கே போகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்களோ அந்தப் பக்கம் தானும் திருப்பினார். இரண்டாவது பகுதியில் பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் தன் காலே தன்னைத் தடக்க விழுந்தான். விழுந்தவன் எழும்பி, யாரோ தவறவிட்ட வில்லையை எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தான். கதிர்காமநாதன் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். அடுத்த வாரமே சீசன் அட்டை எடுத்துவிட்டார். அட்டையில் பெயர் எழுதும் கட்டங்கள் "கதிர்கா"வோடு முடிந்துபோனதால், மண்டபத்தில் எல்லோருக்கும் அவர் ஹெர் கதிர்கா, அதாவது திருவாளர் கதிர்கா, ஆனார். அவருடைய மனைவி புஸ்பவதி இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, "கதிரக்காவின்ரை ரீம் இண்டைக்கும் தோத்துப்போச்சோ?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

பெரும்பாலும் தோற்றுத்தான் போனது. காட்டுப்பன்றிகள் என்று பெயர் வைத்திருந்த அந்த அணி மூன்றாம் பிரிவில் விளையாடியது. மேல் பிரிவுகளில் விளையாடி முடித்து, முழங்கால் தேய்ந்துபோனவர்கள் பாதிப் பேர். மேலே போவோமா என்று காத்திருந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள் மீதிப் பேர். வெற்றி தோல்வி கதிர்காமநாதனுக்கு இரண்டாம் பட்சம். இந்தப் பெடியன்களில் யார் மேலே போவான் என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்கும் கண் தனக்கு இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். இந்த நம்பிக்கையில் அவருக்குத் துணை யாரும் இல்லை.

ஒவ்வொரு செப்ரெம்பரிலும், அணிக்கு மேளம் அடிக்கும் வீனெக்கே என்ற ஓய்வுபெற்ற தபால்காரரிடம் தன் தெரிவை அறிவிப்பார். 2002இல் பத்தொன்பதாம் இலக்கச் சட்டைக்காரனைச் சொன்னார். அவன் நத்தார் பண்டிகைக்கு முன்பே விளையாட்டை விட்டுவிட்டு பேக்கரியில் ஆஉஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி தொடங்கினான்; ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல பாண் செய்கிறான் என்று ஊரில் பெயர். 2003இல் எட்டாம் இலக்கம். அவன் காதலித்த பெண் ஹனோவரில் படிக்கப் போக, அவனும் பின்னால் போய்விட்டான். 2004இல் இருபத்திரண்டாம் இலக்கம். பனியில் எத்தனை பேர் இடித்தும் அசையாத அந்தத் தடுப்பாட்டக்காரன், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது காலை முறித்துக்கொண்டான்.

அதன் பிறகு மண்டபத்தில் ஒரு கதை பரவியது: ஹெர் கதிர்காவுக்கு ஒருவனைப் பிடித்துவிட்டால் அவன் கதை முடிந்தது. எதிரணிக்காரர்களின் பட்டியலை இவரிடம் கொடுத்து, அதில் நல்லவனாக ஒருவனைத் தெரிவுசெய்யச் சொல்ல வேண்டும் என்று வீனெக்கே யோசனை சொன்னார். இதைக் கேட்டு புஸ்பவதி இரண்டு நாள் சிரித்தாள். அப்போது அவளும் ஆட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாஸ்க்கில் பிளேன்ரீயும் பெட்டியில் றோல்ஸும் கொண்டுவருவாள். மனிதர் தடிமன் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாரே என்பதற்காகத்தான் வருகிறேன் என்றாள். ஆட்டத்தின் விதிகளைக் கேட்டதும் இல்லை, அவர் சொல்ல வந்தபோது விட்டதும் இல்லை.

2005இல் முப்பதாம் இலக்கச் சட்டையோடு ஒரு புதிய கோல்காப்பாளன் வந்தான். ஹென்ட்றிக் கோர்டஸ் என்று பெயர். பத்தொன்பது வயது, கொடிபோல் மெலிந்த நெடுவல். காப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் ஆள் ஒரு அளவுக்குத் தெரிவான். முதல் பயிற்சியைப் பார்த்ததுமே கதிர்காமநாதனுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அறிவிப்பதற்காக வீனெக்கேயைத் தேடிப்போன வழியில், சொசேஜ் வரிசையில் நின்ற ஒரு பெண் அவரை மறித்தாள். ஹென்ட்றிக்கின் தாய் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"உங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா, ஹெர் கதிர்கா?" என்றாள். "என் மகனை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்க முடியுமா?"

தன்னுடைய டொச் பாஷையில்தான் ஏதோ பிழை என்று நினைத்து, திரும்பச் சொல்லும்படி அவர் கேட்டார். அவள் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னாள். இப்படிப்பட்ட விஷயங்களில் தனக்கு நம்பிக்கை இல்லை, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள் தான், ஆனால் ஒரே மகன், இந்த விளையாட்டுக்காகப் படிப்பையே நிறுத்திவிட்டு நிற்கிறான் என்றாள். சொல்லச் சொல்ல அவளுடைய கழுத்து சிவந்துகொண்டே போனது. அவனைப் பிடித்திருக்கிறது என்ற சொல்லைத் தன் வாயிலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள் என்று கதிர்காமநாதன் வாக்குக் கொடுத்தார்.

காரில் வீடு திரும்பும்போது அவர் விஷயத்தைப் புஸ்பவதியிடம் சொன்னார். 

"எங்கடை சனம் நாவூறுக்குப் பயப்பிடுறது தெரியும்," என்றாள். "ஒரு வெள்ளைக்காரி, அதுவும் கணக்கு ரீச்சர், பயப்பிட்டதை இண்டைக்குத்தான் காணுறன்."

"நீர் சும்மா இரும்," என்றார் அவர்.

அவர் உண்மையிலேயே மனம் நொந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, கேட்காமலேயே முட்டைப் பொரியல் வந்தது.

வீனெக்கே விடவில்லை. இந்த வருடம் யார் என்று நச்சரித்தார். ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். அணியில் பதினொன்றாம் இலக்கத்தோடு ஒரு கனடாக்காரர் இருந்தார். வயது முப்பத்தாறு, முதுகில் இரண்டு சத்திரசிகிச்சை. இனிமேல் அவருக்குக் கெடுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்று கணக்குப் போட்டு, கதிர்காமநாதன் அவர் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் அடுத்த ஆறு ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்தார். மண்டபமே குழம்பிப்போனது. கனடாக்காரர் ஒருநாள் கண்ணாடித் தடுப்பருகே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, கதிர்காமநாதனைப் பார்த்துத் தலைகுனிந்து வணக்கம் சொல்லிப் போனார். புஸ்பவதி ஃபிளாஸ்க்கின் மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஆனால் முப்பதாம் இலக்கத்தை அவர் விட்டுவிடவில்லை. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் ஒரு கொப்பியில் தமிழில் எழுதினார். எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தது, கையால் பிடித்தானா காலால் தடுத்தானா, எப்போது கோலை விட்டு அவசரப்பட்டு முன்னே வந்தான், கோல் விழுந்த பின் வந்த அடுத்த அடியை என்ன செய்தான் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பக்கம். அலுமாரிக் கம்பனியில் கொடுத்த பேனை குளிரில் எழுத மறுக்கும்போது, அதை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு எழுதுவார்.

தை மாதத்து ஒரு ஞாயிறு பிற்பகல், சாம்பல் நிற ஓவர்கோட் போட்ட ஒரு மனிதர் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் பகுதி முழுவதும் கொப்பியைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை விட்டதும் தன்னை அறிமுகப்படுத்தினார். தெற்கே மூன்று மணி நேரக் கார் ஓட்டத்தில் இருந்த ஒரு இரண்டாம் பிரிவுக் கழகத்துக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடுகிறவர் அவர். முப்பதாம் இலக்கக்காரனைப் பார்க்க வந்திருந்தார். இங்கே நடந்த எல்லா ஆட்டங்களையும் பார்த்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றார் கதிர்காமநாதன். அப்படியானால் அவனைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

நான்கு வருடங்களாகக் கதிர்காமநாதன் காத்திருந்த கேள்வி அது. ஆனால் அவர்  தனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை என்றார்.

என்ன நடக்கிறது என்று புஸ்பவதி தமிழில் கேட்டாள். அவர் சொன்னார்.

"அப்ப உந்தக் கொப்பியிலை கிடக்கிறதை வாசியுங்கோவன்," என்றாள்.

"ஏலாது. நான் தாய்க்கு வாக்குக் குடுத்தனான்."

"பிடிச்சிருக்கெண்டு சொல்லமாட்டன் எண்டுதானே குடுத்தனீங்கள். என்ன நடந்ததெண்டு சொல்லமாட்டன் எண்டு குடுக்கேல்லையே. வாசியுங்கோ, அந்தாள் எழும்பப் போறார்."

கதிர்காமநாதன் வாசிக்கத் தொடங்கினார். தமிழில் எழுதியதை வரிவரியாக டொச்சில் மாற்றிச் சொன்னார். நல்லதையும் சொன்னார், கெட்டதையும் சொன்னார். முன்னே பாய்ந்து வந்து ஏமாந்த ஏழு தடவைகளையும் விடவில்லை. அந்த மனிதர் முதலில் குறிப்பு எடுத்தார், பிறகு பேனையை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். கோல் விழுந்த பிறகு வந்த அடுத்த அடிகள் என்ற பகுதி வந்தபோது, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். முப்பத்துநான்கு தடவைகளில் முப்பத்தொரு தடவை அடுத்த அடியைத் தடுத்திருந்தான்.

ஓரிடத்தில் கதிர்காமநாதன் ஒரு வரியைத் தாண்டிப் போனார். அது என்ன என்று அந்த மனிதர் விரலை வைத்துக் காட்டிக் கேட்டார். "என்ன பிள்ளையடா இவன், பெத்த வயிறு குளிர" என்று அங்கே எழுதியிருந்தது.

அது அன்றைய காலநிலை என்றார் கதிர்காமநாதன்.

அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நான்கு கிழமையாக ஒரு சேதியும் இல்லை. அந்த ஏழு தடவைகளை வாசித்திருக்கக் கூடாது என்ற எண்ணம் கதிர்காமநாதனைத் தின்றது. வேலையில் இரண்டு அலுமாரிக் கதவுகளைத் தலைகீழாகப் பொருத்தினார். கடைசியில் மனம் பொறுக்காமல், ஒரு ஆட்டத்துக்கு முன்னால் ஹென்ட்றிக்கின் தாய் ஃபிறவ் கோர்டஸைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னார். தன் வாயால் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் வாசித்துவிட்டேன் என்றார்.  அவன் முன்னே பாய்வது தனக்கும் தெரியும், வீட்டில் சொன்னால் கேட்கிறானில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது கோபமா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபந்தான் என்றாள் புஸ்பவதி. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை, டொச்சுக்காரர் சாதாரணமாகவே அப்படித்தான் என்றாள்.

மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஃபிறவ் கோர்டஸ் ஒரு தட்டு நிறையப் பட்டர் கேக்கோடு அவர்கள் வீட்டு மணியை அடித்தாள். அடுத்த சீசனிலிருந்து இரண்டாவது கோல்காப்பாளனாக ஹென்ட்றிக்கை அந்தத் தெற்குக் கழகத்தில் எடுக்கிறார்கள், ஒப்பந்தம் முந்தின நாள் வந்துவிட்டது என்றாள். அந்த மனிதர் ஏற்கெனவே வெளியூர்களில் அவனை ஐந்து தடவை பார்த்திருந்தாராம். கையும் காலும் சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோல் விழுந்தால் உடைந்துபோகிறவனா என்பது மட்டும் தெரியாமல் இருந்ததாம். அதற்குரிய பதில் கிடைத்தது ஒரு கொப்பியில் என்று மகனிடம் சொன்னாராம்.

"இனி உங்களுக்கு அவனைப் பிடிக்கலாம்," என்றாள்.

 கேக் நன்றாக இருக்கிறது என்றார் கதிர்காமநாதன். அவர் இன்னும் அதைத் தொட்டிருக்கவில்லை. புஸ்பவதி அவருக்குப் பதிலாக நன்றி சொல்லி, மூவருக்கும் தேத்தண்ணி போட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் நான்கு தடவை தெற்கே காரோட்டிப் போனார்கள். நான்கு தடவையும் ஹென்ட்றிக் மாற்று ஆட்டக்காரர் உட்காரும் நீள வாங்கின் ஓரத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருந்து, உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் சின்னக் கதவைத் திறந்துவிட்டான்.

"மூண்டு மணித்தியாலம் ஓடி வந்து, ஒரு பெடியன் கதவு திறக்கிறதைப் பாக்கிறம்," என்றாள் புஸ்பவதி. ஆனால் ஐந்தாவது தடவை போவதற்கு அவள்தான் முதலில் றோல்ஸ் சுட்டாள்.

ஐந்தாவது தடவை, கடைசிப் பகுதியில் பதினொரு நிமிடம் மீதமிருக்க, முதல் கோல்காப்பாளர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஹென்ட்றிக் தொப்பியைக் கழற்றிவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினான். வந்த முதல் அடியே அவனைத் தாண்டிக் கோலுக்குள் போனது. கதிர்காமநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த அடி அவன் மார்பில் பட்டு விழுந்தது, அதற்கடுத்ததைக் கையால் பறித்தான். பிறகு வந்த ஏழில் ஒன்றும் உள்ளே போகவில்லை. அணி இரண்டுக்கு நான்கு என்று தோற்றது. ஆனால் அந்த ஊர்ச் சனம் அவன் பெயரைக் கேட்டு அறிந்துகொண்டு கூப்பிட்டது. அந்தச் சீசனில் மேலும் ஆறு ஆட்டங்களில் அவன் நின்றான்; அதற்கடுத்த வருடம் பாதிக்கு மேல்.

அன்றைக்குக் கதிர்காமநாதன் கண்ணைத் திறந்தபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. புஸ்பவதி இரண்டு வரிசை கீழே, கண்ணாடித் தடுப்பருகில், கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றாள். நடுவருக்குத் தமிழில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் பிழை என்ற விஷயம் விதிப்படி சரியானதுதான் என்பது, தமிழ் விளங்கிய அவருக்கு மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலையில் மழை பிடித்தது.  காசல் நகரத்தைத் தாண்டியபோது, எதிரணியில் ஐந்தாம் இலக்கத்தோடு ஒரு பெடியன் ஓடினானே, அவனுக்கு எத்தனை வயதிருக்கும் என்று கேட்டாள்.

"ஏன்?" என்றார் அவர்.

"ஒண்டுமில்லை. பின்பக்கமாய் நல்லா ஓடுறான்," என்றாள். "நீங்கள் றோட்டைப் பாருங்கோ."