மாலக்கி டர்க்கனின் இரண்டு குரல்கள்

மாலக்கி டர்க்கன் குடியை விட்ட திங்கட்கிழமை மத்தியானம், அவன் குரல் அவனோடு வீட்டுக்குப் போக மறுத்து ஜார்லத் ஹெனகனின் பப்பிலேயே தங்கிவிட்டது. அயர்லாந்தின் மேற்கே இருக்கும் எங்கள் கில்க்ரீவனில் அன்றைக்கு மழை இல்லை. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மாலக்கி பாதி குடித்த கறுப்பு பீரை மேசையில் வைத்துவிட்டு, "வரேன் ஜார்லத்" என்றான். சொன்னது உள்ளேயே நின்றுகொண்டது, சொன்னவன் மட்டும் வெளியே வந்தான். எதிரே சைக்கிளில் வந்த தபால்காரியிடம் நலம் விசாரிக்க வாயைத் திறந்தபோது பதினாலு வயதுப் பையனின் குரல் வந்தது. பூசைக்கு உதவப்போன காலத்தில் அவனிடம் இருந்த குரல் அது. அந்த வயதில்தான் ஒரு மாமனின் சாவு வீட்டில் கதவோரம் நின்று முதல் விஸ்கியைக் குடித்திருந்தான். அதற்குப் பிறகு வளர்ந்த குரல் முழுக்கத் தன் கடையில் வளர்ந்தது, ஆகவே தன் கடைக்கே சொந்தம் என்று ஜார்லத் பின்னாளில் வாதாடினார். ஊர் வக்கீல் உட்பட யாருக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை.

அந்தக் குரல் காதில் விழுந்தால் நிற்பவனுக்கு உட்காரத் தோன்றும், உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கத் தோன்றாது. கால்வேயிலிருந்து ஸ்லைகோ வரை மேற்குக் கரை முழுவதும் மாலக்கி பாடினான். டப்ளினில் இரண்டு முறை பாடினான். அதில் ஒன்று அவனுக்கு நினைவிருக்கிறது. பாட்டைவிட ஆட்களை இழுத்தவை பாட்டுக்கு நடுவே அவன் சொன்ன கதைகள். எல்லாம் அவனைப் பற்றியவை, எல்லாவற்றிலும் அவன்தான் முட்டாள். பிஷப்பின் காரைத் தன் கார் என்று நினைத்துப் பின்சீட்டில் படுத்துத் தூங்கி, பிஷப்போடு ரோஸ்காமன் வரை போய், அங்கே புது மாட்டுச் சந்தையின் திறப்பு விழாவில் கூட்டத்தை ஆசீர்வதித்துவிட்டு வந்தான். பாதிப்பேர் மண்டியிட்டார்கள் என்பான். தன்னைத்தானே இப்படி வெளுத்துக்கொள்பவனை வேறு யாரால் திட்ட முடியும்? பங்குச் சாமியார் ஒருமுறை கண்டிக்க வந்தார். மாலக்கி முந்திக்கொண்டு தன்னைத் தானே கண்டித்துக்கொண்டான், அதுவும் சாமியாரின் குரலிலேயே. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அவனுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். மாலக்கியின் பேச்சு விடிந்த பிறகுதான் ஊர் சுற்றக் கிளம்பும்.

அட்ராக்டா அவனைக் கட்டிக்கொண்டதும் அந்தச் சிரிப்புக்காகத்தான். அவள் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். கத்தரியைத் தீட்டத் தன் நாக்கையே பயன்படுத்துகிறாள் என்று சொல்வோம், அவள் காதுபடாமல். மகள் டெர்வ்லா பிறந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாலக்கி பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனான். பாலோடு திரும்பி வந்தான். சொன்ன சாமானை மறக்காமல் வாங்கிவந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பிள்ளை எங்க?" என்றாள் அட்ராக்டா.

மாலக்கி பால் புட்டியைப் பார்த்தான்.

தள்ளுவண்டி ஜார்லத்தின் பப்பில், ஊசியம்பு எறியும் பலகைக்கு நேர் கீழே இருந்தது. யாரோ பிள்ளைக்குத் தன் கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். வேறு யாரோ பீர் நுரையைத் தொட்டு அதற்கு மீசை வைத்திருந்தார்கள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறி தவறாது. அன்றைக்கு அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னோம், அம்பை எறிந்துகொண்டே.

அதோடு விட்டிருந்தால் அட்ராக்டா மன்னித்திருப்பாள். அடுத்த சனிக்கிழமையே மாலக்கி அதைக் கதையாக்கினான். பாலைத் தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கப் பார்த்ததாகச் சொன்னான், பிள்ளையைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி ஜார்லத்திடம் கொடுத்ததாகச் சொன்னான். சிரித்துச் சிரித்து ஜார்லத் கல்லாமேல் சாய்ந்துவிட்டார். அவன் மறந்து வைத்துவிட்டுப்போன வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த அட்ராக்டா, கூட்டத்தின் பின்னால் கதவருகே நின்றாள். மாலக்கி அவளைப் பார்த்தான். கதை முடிய இரண்டே வரிதான் பாக்கி. முடித்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: "நல்லாத்தான் சொன்னே. அந்தக் கதையில நான் இல்லாம இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

அவள் கத்தியிருந்தால், தட்டை வீசியிருந்தால், அதையும் அடுத்த வாரம் கதையாக்கியிருப்பான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. ஞாயிறு முழுவதும் அதோடு மல்லுக்கட்டினான். திங்கட்கிழமை கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் குடியை விட்டுட்டேன்" என்று பையன் குரலில் அவன் வந்து சொன்னபோது அட்ராக்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அதே குரல்தான் வந்தது. "ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது. சரி, வீட்டுக்கு வந்தவன் உருளைக்கிழங்கை உரிக்கட்டும்" என்றாள். உரித்தான். கை நடுங்கிய நடுக்கத்தில் பெரிய பெரிய கிழங்கெல்லாம் கோலிக்குண்டு அளவுக்கு வந்து நின்றன. அந்த மாதம் அவர்கள் வீட்டுப் பன்றிக்குத்தான் நல்ல சாப்பாடு. தொலைபேசியில் கச்சேரிக்குக் கூப்பிட்டவர்கள், "கண்ணு, அப்பா இருக்காரா?" என்று கேட்டார்கள். அப்பா இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டான். வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து அறை ஒன்றில், குடியை விட்டவர்கள் கூடி டீயும் பிஸ்கட்டுமாக உட்காருவார்கள். முதல்நாள் அவன் எழுந்து, "என் பேர் மாலக்கி, நான் ஒரு குடிகாரன்" என்றதும், கூட்டத்தை நடத்திய பழைய குதிரை வியாபாரி, "தம்பி, சின்னப் பசங்களோட உறுதிப்பூசுதல் வகுப்பு அடுத்த ரூம்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாலக்கியும் வழக்கம்போல அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வேடிக்கை பேசப் பார்த்தான், முடியவில்லை. பெரிய குரலில் சொன்னபோது சிரிப்பாக இருந்த விஷயங்கள் சின்னக் குரலில் வேறு மாதிரி இருந்தன. உட்கார்ந்து டீயைக் குடித்தான். அது நன்றாக இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறான்.

பப்பில் தங்கிய குரல் சும்மா இருக்கவில்லை. வெள்ளியும் சனியும் மூலை நாற்காலியிலிருந்து பாடியது. ஜார்லத் எதிரே கோப்பையை வைப்பார். பீர் தானாக இறங்கும், கோப்பையின் உட்புறம் நுரை வளையம் வளையமாகப் படியும். ஜெர்மனிக்காரர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்து பதிவுசெய்துகொண்டு போனார்கள்; தங்கள் ஊரில் போட்டுக் கேட்டால் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் மட்டும் இருந்ததாம். தள்ளுவண்டிக் கதையை அது வாரம் தவறாமல் சொன்னது. வருடா வருடம் வண்டி இன்னும் தூரம் போனது. முதலில் காஸல்பார் பஸ்ஸில் ஏறியது, பிறகு கால்நடைச் சந்தைக்குப் போனது, அங்கே ஒரு விவசாயி பிள்ளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை கேட்டான். நாங்கள் சிரித்தோம். வெளியே வந்து, தெருவில் போகும் மாலக்கியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தோம். கில்க்ரீவன்காரர்கள் அப்படித்தான். ஒருவன் திருந்தினால் மதிப்போம், திருந்தாததற்கு டிக்கெட் வாங்குவோம்.

மாலக்கிக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. தங்களைப் போலவே பேசும் டிரைவர் என்பதால் பிள்ளைகள் அவன் சொன்னதைக் கேட்டார்கள். தலை நரைக்கத் தொடங்கிய வருடம் அவனுக்குக் குரல் உடைந்தது. "உட்காருங்கடா!" என்று கத்தினால் சேவலாகத் தொடங்கி வாத்தாக முடியும். கடைசி வரிசைப் பையன் ஒருவன் இறங்கும்போது நின்று, "கவலைப்படாதீங்க மிஸ்டர் டர்க்கன், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஈஸ்டருக்குள்ள சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்னான். சரியாகப் பல ஈஸ்டர்கள் ஆயின. கூடவே முகப்பருவும் வந்தது. டெர்வ்லாவுக்கு வாங்கிய களிம்பில் பாதியை அட்ராக்டா புருஷன் முகத்தில் தடவிவிட்டாள். அப்பாவும் மகளும் ஒரே கண்ணாடிக்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

டெர்வ்லாவுக்கு அப்பா என்றால் இந்தக் குரல்தான். மற்றதைக் கேட்கக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, கேள் என்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளாகவே போய் பப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். திரும்பி வந்தபோது மாலக்கி அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, அந்தத் தள்ளுவண்டிக் கதை நெசமா?"

அவன் வாய் நிறைய வேடிக்கைப் பதில்கள் வந்து நின்றன. ஆனால் உடைகிற குரலை நம்பி வேடிக்கை பேச முடியாது. சிரிக்கவைக்க வேண்டிய இடத்தில் கீச்சென்று காலை வாரிவிடும்.

"நெசந்தான். பால் வாங்கப் போனேன். வழியில பப்புக்குள்ள போனேன். உன்னை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

"மாட்டுச் சந்தைல?"

"சந்தை பொய். உன்னை மறந்தது நெசம்."

"நான் அழுதேனா?"

"தெரியலம்மா" என்றான். "நான்தான் அங்க இல்லையே."

டெர்வ்லா அடுப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு, "ரொட்டி தீயுது" என்று சொல்லி அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். அடி கருகிய ரொட்டியை மூவரும் வெண்ணெய் தடவித் தின்றார்கள். மறுவாரம் முடிவெட்டப்போன எங்களிடம் அட்ராக்டாவே இதைச் சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கத்தரி வேறு காதருகே இருந்தது.

டெர்வ்லா நர்ஸ் படிப்புக்கு கால்வே போனாள், அங்கேயே ஒரு தச்சனைப் பார்த்துவைத்தாள். இதற்குள் பப்பில் இருந்த குரல் கிழடு தட்டிவிட்டது. மூன்றாம் சரணம் வந்தால் முதல் சரணத்துக்கே திரும்பிவிடும், வாடிக்கைக்காரர்களை வையும். புதிதாகச் சொல்ல அதற்கு வாழ்க்கை எதுவும் நடந்திருக்கவில்லை. கடையை வாங்கிக்கொள்ளவிருந்த ஜார்லத்தின் தங்கை மகள் அங்கே கேக்கும் காபியும் விற்கத் திட்டமிட்டிருந்தாள். ஜார்லத் போன் செய்தார். "மாலக்கி, உன் சாமானை வந்து எடுத்துட்டுப் போயிடுப்பா. அது அவளையும் வைய ஆரம்பிச்சுடுச்சு."

டெர்வ்லாவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், வெயில் அடித்த ஒரு பகலில், மாலக்கியும் அட்ராக்டாவும் போனார்கள். குடியை விட்ட பிறகு அவன் அந்த வாசற்படியை மிதித்தது அன்றுதான். ஜார்லத் கைப்பழக்கத்தில் ஒரு கறுப்பு பீரைப் பிடித்து வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க, டீத்தண்ணி துரை!" என்றது மூலை. "பஸ்ஸை வெளியவா விட்டிருக்கே? பிள்ளைங்க யாரையும் மறந்துடலியே?"

குரல் தணிந்து, இனிப்பாகி, மாலக்கியின் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"பொண்ணுக்குக் கல்யாணமாமே. அன்னிக்கு இந்தத் தவளைக் குரல்லயா பாடப்போறே? ஒரே ஒரு வாய் குடி. நான் உள்ள வந்துடறேன். ஊரே எந்திரிச்சு நிக்கும்டா."

மாலக்கிக்கு அது வேண்டியிருந்தது. கோயில் நிறைய ஆட்கள் எழுந்து நிற்பது அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. கை கோப்பை வரை போனது, கோப்பை சில்லென்றிருந்தது. அட்ராக்டா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கோப்பையை மூலைப்பக்கம் தள்ளினான். "நீயே குடிச்சுக்கோ. இதோட கடைசி. குடிச்சுட்டு வீட்டுக்கு வா. ஆனா எனக்குள்ள இடமில்ல, அங்க வேற ஒருத்தன் வளந்துட்டான்."

பீர் மெல்ல இறங்கியது. கோப்பை காலியானதும், "அங்க வந்து நான் என்ன பண்றது?" என்று கேட்டது குரல். அதற்கு அப்படிக் கேட்கத் தெரியும் என்று ஜார்லத் நினைத்ததே இல்லையாம்.

அட்ராக்டா திரும்பினாள். அவள் அப்பா இறந்தபோது மலைச்சரிவில் ஒரு துண்டு நிலமும் சில மாடுகளும் அவளுக்கு வந்திருந்தன. அவள் கூப்பிட்டால் ஒன்றும் வருவதில்லை.

"மாடு கூப்பிடத் தெரியுமா உனக்கு?"

"டப்ளின்ல பாடினவனைப் பாத்து மாடு கூப்பிடத் தெரியுமாங்கறா!"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லேன்."

"அதுங்களுக்குப் பேரு இருக்கா?" என்றது குரல்.

மூவருமாகக் கடைத்தெரு வழியே வீட்டுக்கு நடந்தார்கள். வேலிப்புதரையும் வெயிலையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு அது இரண்டடி பின்னால் வந்தது. நாங்கள் வழிவிட்டு நின்றோம். தொழுவத்தில் அது சில நாட்கள் நடுங்கிப் புலம்பியது; மாலக்கி பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், அவனைக் கேட்க வியாழக்கிழமைக்காரர்கள் உட்கார்ந்திருந்ததைப் போல.

கல்யாணத்தில் மாலக்கி தன் சொந்தக் குரலில் பாடினான். சுமாரான குரல். ஒரு இடத்தில் சுருதி இறங்கியபோது ஆர்கன் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் எழுந்து நிற்கவில்லை. பெண்ணைப் பெற்ற எந்த அப்பாவுக்கும் தட்டுகிற அளவுக்குக் கைதட்டியது. டெர்வ்லா அழுதாள். முழுப்பாட்டும் முடியும்வரை அவன் அவளையே பார்த்துப் பாடினான், கூட்டத்தின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

இப்போது அந்தச் சரிவுப்பக்கம் சாயங்காலம் போனால், ஆளில்லாத வயலில் ஓர் அருமையான ஆண்குரல் மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். மாடுகள் வரிசையாக வருகின்றன. பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.