வெட்டிப்போட்ட என்ஜின்

மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. பார்த்த மாத்திரத்திலேயே என்ஜின் ஆய்வாளர் முகம் சுளித்தார். சிமென்ட் ஆலைக்குள் வேகன்களை இழுக்கவும் தள்ளவும் பழையதாக வாங்கிய டீசல் என்ஜின். முழுக்கப் பிரித்துக் கட்டியது, வயசு பத்துகூட ஆகவில்லை என்றது காகிதம். காகிதத்துக்கென்ன, வாயா வலிக்கும்?

"எப்படி மச்சான், புதுசாட்டம் இருக்குல்ல?" என்றான் டிரைவர். தங்கை புருஷன். நாளையிலிருந்து சரிவில் பன்னிரண்டு வேகன்களோடு இதை ஓட்டப்போகிறவன் அவன்தான்.

"புதுசாம் புதுசு! குப்பைக்குப் பவுடர் பூசியிருக்கானுங்க."

தயாரிப்பு எண் தகட்டில் ரிவெட்டுகள் புதுசாக இருந்தன. திருட்டுப் பயல்கள் தகட்டை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். முன் கொக்கிக்குப் பின்னால், அடிச்சட்டத்து இரும்பிலேயே எண்ணைப் பதித்திருப்பதை மறந்துவிடுவார்கள். ஆய்வாளர் மல்லாந்து படுத்துச் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே துரு. எலிப் புழுக்கை கலந்த பழைய கிரீஸ் சட்டைக் கைக்குள் வழிந்தது. சீ!

4417. பக்கத்தில் கை நீளத்துக்கு விரிசல், அதை மறைக்க அப்பிய பட்டி. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே விரிசலுக்காக அவரே ஒதுக்கித் தள்ளிய என்ஜின்.

"இதுல ஏறாத மச்சான். இழுத்துப் பிரேக் போட்டா சட்டமே ரெண்டாயிடும்."

ஆலை மேலாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போய், விற்றவனிடம் போனில் பேசி, அவன் அனுப்பிய சான்றிதழ் நகலோடு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"4417-ஐ அப்பவே துண்டு துண்டா வெட்டியாச்சாம் சார். 'என் முன்னிலையில் வெட்டப்பட்டது'ன்னு கையெழுத்து இருக்கு. யாருதுன்னு நீங்களே பாருங்க."

அவருடையதுதான். அன்றைக்கு நல்ல மழை. என்ஜினை வெட்டும் பழைய இரும்புக்கடைவரை போய் நிற்கச் சோம்பல். காகிதம் மேசைக்கே வந்தது, போட்டுவிட்டார். எல்லாரும் செய்கிறதுதானே! இப்போது கையில் ஒட்டிய கிரீஸைவிட அந்தச் சுழித்த கையெழுத்துதான் அருவருத்தது.

"பொய்க் கையெழுத்துன்னா வேலை போயிடும் சார்," என்றார் மேலாளர், என்னவோ சொந்த அண்ணன் மாதிரி. "பேசாம பாஸ் பண்ணிடுங்க."

ஆய்வாளர் காறித் துப்பினார். வாய்க் கசப்பு போகவில்லை.

"எழுதிக்குங்க. அது வெட்டினதை நான் பார்க்கவே இல்ல. பார்க்காமத்தான் போட்டேன்."

மேலாளரின் சிரிப்பு அணைந்தது. டிரைவர் மட்டும் ஆய்வாளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ, இத்தனை வருஷமா நான் ஓட்டின என்ஜினையெல்லாம் பார்த்துத்தான் பாஸ் பண்ணீங்களா மச்சான்?"