இரண்டரை அடி

உத்தமபாளையத்தில் ஆர்க்கிடெக்ட் ஹுஸ்னாவின் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சந்துக்குள் நுழைந்தால் முன்னறை ஜன்னல் முழுக்கப் புத்தகமாகத் தெரியும். நகரமைப்பு பற்றி மட்டும் எழுநூற்றுச் சொச்சம், அத்தனையும் படித்தவள். அந்த அறையைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். அதை அவள் மறைக்கவும் மாட்டாள்.

போன மழைக்காலத்தில் சந்தின் உள்கோடி வீட்டுக் கருத்தம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழையவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து மெயின் ரோடு வரை தூக்கிப் போனார்கள். மறுவாரமே ஹுஸ்னா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தெருவுக்குள் நீட்டியிருக்கும் படியையும் சுவரையும் எல்லாரும் எடுத்துவிட்டால் வண்டி வரும் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒரு கல் அசையவில்லை. கடைசியில் மளிகைக்கடை முத்துப்பாண்டிதான் வாயைத் திறந்தார்.

"எங்க படிய எடுக்கச் சொல்றீக, சரிக்கா. ஒங்க புத்தக ரூமு தெருவுல நிக்கலையா?"

ஹுஸ்னாவுக்குச் சுருக்கென்றது. "எங்க அத்தா அளந்துதான் கட்டுனாக. நாளைக்குப் படத்தோட வாரேன், எல்லாரும் இருங்க."

சந்தின் பழைய அளவுப் படத்தை ஒரு தடித்த புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருந்தாள். அன்று ராத்திரியே அதை எடுத்துக்கொண்டு டேப் பிடித்தாள். அறை இரண்டரை அடி தெருவில் நின்றது. மறுபடி அளந்தாலும் அதேதான். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவள் தன் வீட்டுச் சுவரை மட்டும் அளந்ததேயில்லை. தகப்பனார் கட்டியது தப்பாயிருக்காது என்று இருந்துவிட்டாள்.

கணவன் ரஃபி படத்தை மடித்து நீட்டினான். "இது எந்தப் புத்தகத்துல இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். அங்கனயே இருக்கட்டும். கிடைக்கலன்னு சொல்லிரு."

"அதுக்கா இத்தனையும் படிச்சேன்?" என்றாள் ஹுஸ்னா.

மறுநாள் எல்லார் முன்னாலும் அளவைச் சத்தமாக வாசித்தாள். சுண்ணாம்புக் கோட்டையும் அவளே போட்டாள். கோடு ஜன்னலைத் தாண்டி அலமாரிக்குள் போனது. அத்தாவை நினைத்து அழுகை வந்தது. அழுதுகொண்டே, முதல் கடப்பாரை எங்கள் சுவரில் விழட்டும் என்றாள்.

அறை சுருங்கியதில் முன்னூறு புத்தகத்துக்கு இடமில்லாமல் போனது. தன் படியை உடைத்த கையோடு முத்துப்பாண்டி அட்டைப்பெட்டிகளுடன் வந்து, அவற்றைத் தன் கடை மாடிக்குக் கொண்டுபோனார்.

தை மாதம் கருத்தம்மாளுக்கு மறுபடி மூச்சு முட்டியது. சந்து முனையில் ஆம்புலன்ஸ் தயங்கி நின்றது.

"தாராளமா வாங்கண்ணே," என்று முத்துப்பாண்டி கைகாட்டினார். "எங்க அக்கா அளந்து வச்சிருக்காக."

வண்டி கருத்தம்மாள் வாசலில் போய் நின்றது. இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. ஹுஸ்னா புதுச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். அத்தா இருந்திருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். ஐந்தாம் நாள், சுவரை இடித்தது என் மகள்தான் என்று பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.