பேசாத பெட்டி

…அப்படியென்றால் ஒலிப்பகுதியையும் கழற்றிவிடலாம், படகு நிற்கிற இடத்தைக் கரைக்குக் காட்டப் படகில் கட்டுகிற பெட்டி பாட்டா படிக்கப்போகிறது, அச்சு இயந்திரத்துக்கான பகுதியும் வேண்டாம், நடுக்கடலில் யார் என்னத்தை அச்சடிக்கப்போகிறார்கள்… சுதாஜினி ஒவ்வொன்றாக வெட்டினாள். கிளிநொச்சி அலுவலகத்து மின்விசிறி காற்றைத் தராமல் சத்தத்தை மட்டும் தந்தது. மல்லாவியில் அப்பாவின் புடவைக்கடையில் நின்று பழகிய பேரம்தான் இதுவும், பெட்டியை ஓட்டுகிற கேர்னல் என்ற அடி மென்பொருள் வாய் கூசாமல் மெமரி கேட்கும், இவள் பாதியில் தொடங்குவாள், அது முரண்டுபிடித்து விழும், கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் எழும்பும். போன கிழமை அப்படித்தான் செய்தி எழுதும் பகுதியை அடியோடு எடுத்தாள், பிழை வந்தால் எங்கே நோகிறது என்று கேர்னல் எழுதிவைக்கிற பகுதி அது, தின்கிற இடமோ பெரிது. "அக்கா, செத்தா ஏன் செத்ததெண்டு ஆர் சொல்லுறது?" என்று கூட வேலைசெய்யும் கோகுலன் கேட்டான். "அதைச் சாகாம இருக்கச் சொல்லு" என்றாள், சிரித்தார்கள், எல்லாம் சிப்பில் அடங்கியது, முதற்பெட்டி றெஜியின் படகில் ஏறியது. புருஷனின் படகென்றால் குறை சொல்ல ஆளில்லை பாருங்கள்.

இப்போது திரையில் அந்தப் படகின் புள்ளி இல்லை. விடிய இருந்தது, பிறகு இல்லை. மெமரி முட்டிப் பெட்டி விழுந்ததா, இல்லை படகே… அதையும் பாதியில் வெட்டினாள். வெட்டப் பழகிய கைதானே, சின்ன வயதில் இடம்பெயர்ந்து போகையில் சைக்கிள் உருள மறுக்கமறுக்க அம்மா ஒவ்வொன்றாக இறக்கிவைத்தாள், முதலில் தையல் மெசின், பிறகு குத்துவிளக்கு, பிறகு அழுகை, அழுதால் நடை பிந்தும் என்றாள்… மாமியார் ஜோசப்பின் முல்லைத்தீவிலிருந்து போன் எடுத்தாள். "பிள்ளை, எல்லாற்ற போட்டும் வந்திட்டுது, இவன்ரையைக் காணேல்லை. உங்கட பெட்டி என்ன சொல்லுது?" "ஒண்டும் சொல்லேல்லை மாமி." "அப்ப என்னத்துக்கு அதைக் கட்டினது?" நியாயமான கேள்விதான். போனை வைத்தவளுக்கு வீட்டைப் பூட்டிய திறப்பு யாரிடம் என்ற யோசனை வந்தது, ஏன் இப்போது திறப்பு… பிறகு கேர்னலில் இன்னும் எதை எடுக்கலாம் என்று தேடினாள்.

மத்தியானம் கரைக்கு வந்து றெஜியே போன் எடுத்தான். "இஞ்சாரும், பெட்டியை நான்தான் நிப்பாட்டினனான். நல்ல மீன் கண்டிட்டன். புள்ளி எல்லாற்ற போனிலையும் தெரியுமாம், ஊர் முழுக்க வந்து வலை விட்டா நான் சங்கு பொறுக்கிறதே?" அப்பாவும் சரக்கெடுக்கிற இடத்தைப் பக்கத்துக் கடைக்குச் சொன்னதில்லை, அவர் மகள்தான் நிற்பாட்டுகிற பொத்தானைப் பெட்டியின் முகத்திலேயே வைத்தாள். "பயந்திட்டீரே?" என்றான். "ஓம்" என்றாள், வாய்க்குப் பழகிய ஓம். "அக்கா, நீங்கள் காலமை வெட்டின கேர்னல் இன்னும் சுருங்கியிருக்கு, வடிவா எழும்புது" என்று கோகுலன் திரையைத் திருப்பினான். காலை முழுக்க அவள் கை ஒரு பிழையும் விடவில்லை. பயம் வரவே இல்லையா, அல்லது வந்து, உள்ளே எங்கோ ஏதோ விழுந்து, எழுதிவைக்க ஓர் இடமில்லாமல்… போன் எப்போதோ அணைந்திருந்தது, அவள் இன்னும் அதைக் காதோடு வைத்திருந்தாள்.