பதினோராவது தலை

என் மகன் என்னைக் காடு காட்டக் கூட்டிப் போனான். தெருவே கூடி நின்று, ஜோதிமேரி கொடுத்து வைத்தவள் என்று சொல்லி வழியனுப்பியது. அந்த எட்டு நாளில் நான் அவனைத் திட்டாத நாள் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் என் ஆத்திரம் தீரவில்லை.

நாங்கள் பாம்பனுக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறவர்கள். நான் கடல்பாசி எடுக்கிறவள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் இருக்கிற பாசியைப் பறித்துப் பையில் போடுவேன். வயது ஐம்பத்தேழு. எங்கள் படகில் என்னைவிட ஆழம் முங்குகிறவள் இன்னும் வரவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

படகில் நாங்கள் பதினோரு பேர். வேலை முடிந்து நங்கூரம் தூக்குமுன் மகேஸ்வரி எழுந்து நின்று தலைகளை எண்ணுவாள். பதினொன்று வந்தால்தான் படகு நகரும். காற்றடித்தாலும் மழை கொட்டினாலும் ஒரு தலை குறைந்தால் அங்கேயே கிடப்போம். போன வருடம் திருக்கை மீனின் முள் என் காலில் ஏறி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் ஒரு பாறைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி எண்ணினாள், பத்துதான் வந்தது. பத்துப் பேரும் மறுபடி கடலில் குதித்துத் தேடி என்னை இழுத்துப் போட்டார்கள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தேன். அன்றிலிருந்து என் மகன் கிளாட்சனுக்கு ஒரே பாட்டுதான். "போதும்மா, கோயம்புத்தூருக்கு வந்துரு." அவன் அங்கே பம்ப்பு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கோயம்புத்தூரில் நான் என்ன செய்வேன், குழாயைத் திறந்து வாளிக்குள் முங்குவேனா?

இந்த மே மாதம் பாசி எடுக்கிறவர்களுக்கு மீன்துறை புது அடையாள அட்டை கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அட்டை இல்லாதவள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் பாசிக்குக் கடலில் இறங்க முடியாது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள், எங்கள் ஊர் சமுதாயக்கூடத்தில், படகு படகாகக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்து விரல் ரேகை வாங்குவார்கள். அதை விட்டால் அடுத்து எப்போது என்று வருகிற அதிகாரிகளுக்கே தெரியாது.

அதற்கு முந்தின சனிக்கிழமை கிளாட்சன் காரோடு வந்து இறங்கினான். கூரைமேல் கூடாரம், பாய், அடுப்பு எல்லாம் கட்டியிருந்தது. கூட மனைவி ஜெப்சி, எட்டு வயது மகள் பிரின்சியா. முதுமலை, ஆனைமலை, தேக்கடி என்று வரிசையாகக் காடுகளைப் பார்த்துக்கொண்டே கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம் என்றான்.

"வெள்ளிக்கெழம எனக்கு இங்கன போட்டோ இருக்குலே" என்றேன்.

"வேளாங்கண்ணி மாதா சத்தியமா, வியாழக்கெழம சாயங்காலம் ஒன்னைய வீட்டுல விட்டுருவேன்."

மாதாவையே இழுத்துவிட்டான். நம்பி ஏறினேன். மகேஸ்வரியிடம், "வெள்ளிக்கெழம கண்டிப்பா வந்துருவேன்டி" என்று ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனேன்.

காட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளே யாரும் கூடாரம் அடிக்க முடியாது. காட்டை ஒட்டி எவனாவது தோட்டத்தை வளைத்து, இங்கே அடித்துக்கொள்ளுங்கள் என்று இடம் கொடுப்பான். முதுமலையில் என் மகன் ஒரு மணி நேரம் கயிற்றோடு மல்லுக்கட்டினான். அவன் போட்ட முடிச்சு ஒன்றும் நிற்கவில்லை. கடற்கரையில் பிறந்தவன் முடிச்சுப் போடும் லட்சணத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லி, படகு கட்டுகிற முடிச்சாகப் போட்டு இழுத்துக் கட்டினேன். பிறகு போன இடமெல்லாம் அது என் வேலையாகிவிட்டது.

பிரின்சியா கண்ணில் படும் பலகையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். வாகனத்தை நிறுத்தாதீர்கள். இறங்காதீர்கள். உணவளிக்காதீர்கள்.

"பாட்டி, நேஷனல் பார்க்னா என்ன?"

"எறங்காதேன்னு அர்த்தம்" என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற தீவுகளும் தேசியப் பூங்காதான். என் சின்ன வயதில் அந்தத் தீவுகளில் நாலு நாள், ஐந்து நாள் தங்கிப் பாசி எடுத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறோம். இப்போது கரையில் கால் வைத்தாலே கேஸ். அதையே காசு கொடுத்துக் காட்டில் செய்தால் அதற்குப் பெயர் உல்லாசப் பயணமாம்.

ஜெப்சிக்கும் நான் வந்தது பிடிக்கவில்லை. ராமேஸ்வரத்துக்காரி, ஆனால் கடலில் கணுக்கால்கூட நனைத்ததில்லை. "அத்தை விடுற கொறட்டைக்கு யானைகூட வராது" என்று புருஷனிடம் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்றே. "வந்தா ஒன் சமையலத் தின்னுட்டுத் தானா ஓடிரும்டி" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனைமலையில் என் போன் செத்துப்போனது. பழைய பட்டன் போன், காரில் இருந்த எந்த வயரும் அதற்குச் சேரவில்லை. அதைப் பற்றி அப்போது நான் கவலைப்படவில்லை, மூன்று நாளில் வீட்டுக்குப் போகப் போகிறோமே என்றிருந்தேன்.

வியாழக்கிழமை காலை தேக்கடியிலிருந்து கிளம்பினோம். மதுரை வழியாக மாலைக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். எனக்கு வழி தெரியாதுதான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். முன்னால் போன பேருந்தில் ராஜபாளையம் என்று எழுதியிருந்தது. அடுத்து வந்ததில் தென்காசி.

"ஏலே, எங்க போற?"

"முண்டந்துறைம்மா. இன்னும் ஒரே ஒரு காடு. பாப்பா பாக்கணும்னா."

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவன் நிறுத்தவில்லை, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"நாளைக்குப் போட்டோ எடுக்கலன்னா ஒனக்கு அட்டை கெடையாது. அட்டை இல்லன்னா கடல் கெடையாது. அதுக்குத்தாம்மா இப்படிச் சுத்துறேன். போதுமா?"

"மாதா மேல சத்தியம் பண்ணுனியேடா."

"பண்ணுனேன். ஆஸ்பத்திரியில ஒன் கால் வீங்கிக் கெடந்தத நான்தான் பாத்தேன். அடுத்த தடவ வெறும் போன் வரும், அம்மா இல்லன்னு. மாதாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

அவன் கண்ணைத் துடைத்தான். பொய்யான அழுகை இல்லை, பயந்துபோய்த்தான் இருந்தான். அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. இவனைப் பெற்று, இந்தக் கடலில் முங்கிப் படிக்க வைத்து ஆளாக்கியவள் நான். என் மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும், இவன் யார் அதைச் சொல்ல? கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலை அவன் முதுகில் எறிந்தேன்.

முண்டந்துறையில் கூடாரம் அடிக்கப் பிடித்த தனியார் தோப்பு வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு உள்ளே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு சாவடிவரை நடந்தேன். அங்கிருந்த காவலர், ஆறு மணிக்கு மேல் யாரையும் நடக்க விடமாட்டோம், கரடி இருக்கிறது என்றார். நான் கரடியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கம்பைக் குறுக்கே இறக்கினார். திரும்பி வருவதைத் தவிர வழியில்லை.

அன்றைக்கு நான் முடிச்சுப் போடவில்லை. அவன் எப்படியோ கட்டினான். கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்.

"எனக்குப் போனது போகட்டும். மகேஸ்வரிக்கு ஒரு போனப் போடு. நான் வரல, எனக்காகக் காத்திருக்க வேணாம், நீங்க பத்துப் பேரும் எடுத்துருங்கன்னு சொல்லு. சொல்லலன்னா அவளுக ஒக்காந்தே கெடப்பாளுக."

போனை எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னா?"

"சரின்னாங்க."

மகேஸ்வரி ஒரு வார்த்தையோடு போனை வைக்கிறவள் இல்லை. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அருவியில் குளித்தார்கள். பொங்கல் வாங்கித் தின்றார்கள். மதியம்தான் வண்டியை எடுத்தான், தூத்துக்குடி வரும்போது அங்கே ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். அங்கேயே அறை எடுத்தான்.

சனிக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தோம். சாயல்குடி தாண்டியதும் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஆரம்பித்தான்.

"கடைசியா ஒரு பார்க் இருக்கும்மா. மன்னார் வளைகுடா. சாயங்காலம் குருசடைத் தீவுக்குப் படகு, நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன்."

"எங் கடலுக்கு எனக்கே டிக்கெட் வாங்கிருக்கியா?"

"சும்மா ஒக்காந்து பாத்துட்டு வரலாம்ல."

"ஒக்காந்து பாக்குறதுக்கு நான் என்ன ஊர்வலத்துல வைக்கிற மாதா சுரூபமாடா?"

ஜெப்சி சிரித்துவிட்டாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குள் ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. பத்துப் பேருக்காவது அட்டை வந்திருக்கும். தடைக்காலம் முடிந்ததும் அவர்கள் போவார்கள். மகேஸ்வரி இனிப் பத்துத் தலையை எண்ணிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். நினைக்கும்போதே அழுகை வந்தது.

கார் எங்கள் தெருவில் நுழைந்தது. சமுதாயக்கூடத்துப் படியில் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குப் பூ வைத்து, திருவிழாவுக்கு எடுத்த சேலையில் இருந்தார்கள். நேற்று போட்டோவுக்குக் கட்டிய சேலை அது. பூ வாடிப்போயிருந்தது. நான் இறங்கினேன். ஒருத்தியும் எழுந்து வரவில்லை.

மகேஸ்வரி மட்டும் எழுந்து நின்றாள். படகில் எண்ணுகிற மாதிரியே விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினாள். கடைசி விரல் என்மேல் வந்து நின்றது.

"பதினொன்னு. இப்பத்தான் கணக்குச் சரியாச்சு" என்றாள். "போட்டோ எடுக்க வந்த வண்டிதான் நேத்தே போயிருச்சு."

"நீங்க எடுக்கலையா?"

"காலையில இருந்து நம்ம படகக் கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னும் ஒருத்தி வரணும்யா, வந்துருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்னு சொன்னோம். மத்த படகெல்லாம் முடிஞ்சுச்சு. அஞ்சு மணிக்கு மெஷினக் கட்டிட்டாங்க. கையெடுத்துக் கும்பிட்டோம். எங்கள மீறி ஒன்னும் பண்ண முடியாதும்மான்னுட்டுப் போயிட்டாங்க. ஒனக்கு எத்தன போனு போட்டேன் தெரியுமா? நீ செத்துட்டியோன்னு நெனச்சோம்டி."

சோணையம்மாள் தலையிலிருந்த பூவைப் பிய்த்து என் காலடியில் எறிந்தாள். அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள், புருஷன் இல்லை. "காடு நல்லாருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். கிளாட்சன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். போய்க் கதவைத் திறந்தேன்.

"போன் போட்டியா?"

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"போட்டியாலே?"

"இல்லம்மா. போட்டா மகேஸ்வரியக்கா எப்பிடியாச்சும் ஒன்னையக் கெளப்பிருவாங்கன்னு... அவங்க பாட்டுக்கு எடுத்துருவாங்கன்னு நெனச்சேன்."

இந்தப் பத்துப் பேரும் மாற்றி மாற்றிச் சோறு போட்டு வளர்த்த பிள்ளை இவன். நாங்கள் எப்படி எண்ணுவோம் என்று இவனுக்குத் தெரியாதா? அடிக்கக் கை ஓங்கினேன். பின்சீட்டில் பிரின்சியா விழித்துக்கொண்டு பார்த்தாள், கையைக் கீழே போட்டேன்.

"எறங்கு. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு."

இறங்கினான். பத்துப் பேர் முன்னால் நின்று சொன்னான். சத்தம் வரவில்லை. "கேக்கல" என்றாள் மகேஸ்வரி. மறுபடி சொன்னான். யாரும் அவனைத் திட்டவில்லை, அதுதான் அவனைக் கொன்றது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான்.

"மீன்துறை ஆபீசு திங்கக்கெழமதான் தொறக்கும்" என்றேன். "பதினோரு பேரும் வருவோம். என்ன செஞ்சேன்னு நீ அதிகாரிகிட்ட உன் வாயால சொல்லணும். தருவாங்களா, மாட்டாங்களா, அது எனக்குத் தெரியாது. அதுவர நீ இந்த ஊர விட்டு நகரக் கூடாது."

"நாளைக்கோட லீவு முடியுதும்மா."

"முடியட்டும். எங்களுக்குக் கடலே முடிஞ்சுபோச்சு. எம் வீட்டுக்குள்ள உம் பொண்டாட்டியும் பிள்ளையும் வரட்டும். நீ வராத. கூடாரந்தான் வச்சிருக்கேல்ல, அத இங்கனயே அடி."

கூரையிலிருந்து கூடாரத்தை இறக்கினான். சமுதாயக்கூடத்துக்கு முன்னால் விரித்தான். கடற்கரை மணல், ஆணி நிற்கவில்லை. தெற்கிலிருந்து காற்று வேறு பிடுங்கியது. ஒரு மூலையைக் கட்டினால் இன்னொரு மூலை பறந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் போய்ப் படியில் பதினோராவது ஆளாக உட்கார்ந்தேன்.